அடுப்படிக் காலண்டரும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளும்: ஒப்புக்கொண்ட வேலைகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் பாக்கெட் கூடுதலாக வாங்கினால் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு, கேஸ் புக் பண்ணினால் ஒரு வட்டம், யாருக்காவது கல்யாணம் என்றால் மண்டபத்தின் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் கடைசியில் அதைக் கழற்றிப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் சும்மா புரட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவுமே எழுதாத கட்டங்கள் எத்தனை என்று எண்ணினால், வருஷம் முழுவதுக்கும் ஏழு. அதிலும் இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல்.

நான் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அந்த வருஷம் என் தலையில் இருந்தவற்றைச் சொல்கிறேன்: 24 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் பதவி, பெண்கள் சேர்ந்து போடும் தீபாவளிப் பலகாரச் சீட்டு, பள்ளித் தோழிகளின் சந்திப்பு ஏற்பாடு, குலதெய்வக் கோவில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் நோட்டு, மகளின் வகுப்புப் பெற்றோர் குழு, அப்புறம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ரயில் டிக்கெட் போடுவது. எதையும் யாரும் மிரட்டி என்னிடம் தள்ளவில்லை. "நீங்கதான்மா கணக்குல கரெக்டா இருப்பீங்க" என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். தனத்துக்கு முன்னால் போவது ஞாயிற்றுக்கிழமை.

நேரத்தைத் திட்டமிடச் சொல்லும் அறிவுரைகள் எனக்கு உதவவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை நாலரைக்கு எழுந்து பார்த்தேன். மிச்சமான ஒரு மணி நேரத்தில் சங்கத்தின் மோட்டார் ரிப்பேர் பில்லைத்தான் கணக்கில் ஏற்றினேன். நேரம் கிடைக்கக் கிடைக்க அதைச் சாப்பிட ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. அந்த வரிசையைக் கலைக்காமல் வேறு எதைச் செய்தாலும் வீண். அதற்கு ஒப்புக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாக, ஆளைப் பார்த்து, தேதி சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அதற்கு ஏறக்குறைய பத்து மாதம் ஆயிற்று. ஒரே வாரத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் படி: பழைய காலண்டரைக் கீழே எடுங்கள்

இனி என்ன செய்யப் போகிறேன் என்று எழுத வேண்டாம், கடந்த மூன்று மாதத்தில் சனி, ஞாயிறு, வேலை நாள் மாலைகள் எங்கே போயின என்று எழுதுங்கள். காலண்டர் இல்லையென்றால் போனிலேயே தடயம் இருக்கும்: அழைப்புப் பட்டியல், ஜிபே கணக்கு, கேலரியில் உள்ள போட்டோக்கள். என் கேலரியில் அந்த மூன்று மாதத்தில் மகளின் படம் நாலோ ஐந்தோதான். தண்ணீர் லாரி ரசீதுகளின் படம் அறுபதுக்கு மேல்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள். கேட்டது யார், நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை என்ன. இந்த இரண்டாவதுதான் முக்கியம். எழுதிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் நான் "சரி" என்றே சொல்லியிருக்கவில்லை. "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் மனதில் அது மரியாதையான மறுப்பு, கேட்டவர் காதில் அது சம்மதம். தமிழில் "பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு இந்த இரட்டை வேலை உண்டு. கடன் கேட்பவரிடம் சொன்னால் இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள், கமிட்டியில் சொன்னால் உங்கள் பெயரை நோட்டீஸில் அச்சடித்துவிடுகிறார்கள். கும்பாபிஷேக நோட்டீஸில் என் பெயர் வந்தது அப்படித்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெரும்பாலான சம்மதங்கள் போனில், அடுப்பில் ஏதாவது தாளித்துக்கொண்டிருக்கும்போது கொடுக்கப்பட்டவை. கடுகு வெடிக்கும் நேரத்தில் யார் என்ன கேட்டாலும் "ம், சரிங்க" என்றுதான் வரும்.

இரண்டாம் படி: எதைத் தொடக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் உதறிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது நடக்காத கதை, நடந்தாலும் நன்றாக இருக்காது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை நான் அப்படியே வைத்துக்கொண்டேன். துக்க வீடு என்றால் எந்த நாளாக இருந்தாலும் கிளம்பிவிடுவேன்.

கல்யாணங்களில்தான் கணக்குப் போட்டேன். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் ஒரே நாளில் மூன்று பத்திரிகை வரும். காலையில் ஒரு மண்டபம், மதியம் இன்னொன்று என்று ஓடி, எந்தக் கல்யாணத்திலும் பெண்ணிடமோ மாப்பிள்ளையிடமோ நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டோம், மொய் எழுதிய இடத்தில் நின்றதுதான் மிச்சம். இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இது: உடன்பிறந்தவர், நெருங்கிய பங்காளி, நெருங்கிய தோழி வீடு என்றால் முழு நாளும் இருப்போம், முடிந்தால் முந்தின நாளே போய் வேலையிலும் கைகொடுப்போம். மற்ற கல்யாணங்களுக்கு அன்றைக்குப் போவதில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு வேலை நாள் மாலையில் வீட்டுக்கே போய் மொய்யைக் கையில் கொடுத்து, ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வருவோம். மொய் நோட்டில் நம் கணக்கு விட்டுப்போகாமல் இருப்பதுதான் அவர்களுக்கும் முக்கியம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மண்டபத்துக்கு வந்தவர்களைவிட வீட்டுக்கு வந்தவர்களைத்தான் அவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி: திருப்பிக் கொடுப்பது

இதுதான் பெரிய வேலை, அதனால் என் சொதப்பலிலிருந்தே தொடங்குகிறேன். பொருளாளர் பதவியை விடுவதற்கு முதல் தடவை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டேன். மகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது, எனக்குக் கழுத்து வலி, அலுவலகத்தில் தணிக்கை என்று காரணம் மேல் காரணம். அரை மணி நேரத்தில் பதில்கள் வந்தன. தேர்வு மார்ச்சில்தானே, அதற்குள் பார்த்துக்கொள்ளலாம். கழுத்து வலிக்கு ஒரு நல்ல வைத்தியர் இருக்கிறார். தணிக்கை முடியும்வரை ரசீது மட்டும் போட்டால் போதும், மற்றதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்குத் தீர்வு சொல்வார்கள், பதவி நம்மிடமே இருக்கும். அன்றிரவு நானே கைகூப்பி எமோஜி போட்டு முடித்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்தேன். உங்களுக்கும் இந்த வரிசையில்தான் சொல்லுவேன்.

முதலில் கணக்கை ஒப்படைக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள், யாரிடமும் எதுவும் சொல்லாமல். எனக்கு இரண்டு வாரம் ஆனது. பராமரிப்புக் கட்டணம் யார் எவ்வளவு பாக்கி, லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தொட்டி கழுவுபவர் யார், காவலாளிக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் இரண்டு தாளில் எழுதினேன். அரைகுறைக் கணக்கோடு விலகப் போனால் "முடிச்சிட்டுப் போங்கம்மா" என்பார்கள், அதில் தப்பும் இல்லை.

அடுத்து, ஆளைப் பிடியுங்கள். பொதுவாக "யாராவது எடுத்துக்கோங்க" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒரு தம்பி, ஐடி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். பேச்சு குறைவு, ஆனால் கட்டணத்தை மாதம் தவறாமல் முதல் தேதியே போட்டுவிடுபவர். நேரில் போய்க் கேட்டேன். "அக்கா, ஒரு வருஷம்னா ஓகே" என்றார். அந்த "ஒரு வருஷம்னா" என்ற வார்த்தையை நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு செயலாளரை நேரில் பார்த்துத் தேதி சொல்லுங்கள். குழுவில் போடாதீர்கள், போனிலும் வேண்டாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, மார்ச் 31ஆம் தேதியோட நான் முடிச்சுக்கறேன். மூணாவது மாடித் தம்பி எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். ஏப்ரல் முழுக்க அவர் கூட இருந்து சொல்லிக் கொடுத்திடறேன்." காரணம் கேட்டார். "முடியலண்ணே" என்றேன். அவர் வாசலைப் பார்த்தார், நான் அவர் வீட்டு மணிபிளான்ட் செடியைப் பார்த்தேன். அந்த அரை நிமிட மௌனத்தைத் தாங்கிவிட்டால் வேலை முடிந்தது. வாயைத் திறந்து இடத்தை நிரப்பினால் போச்சு.

ஒப்படைக்கும் நாளில் எழுத்து வேலை கொஞ்சம் உண்டு. பொதுக்குழுவிலோ செயற்குழுவிலோ தீர்மானம் எழுதி, வங்கியில் அந்தத் தீர்மான நகலும் புதியவரின் ஆதார், பான் நகலும் கொடுத்துக் கையெழுத்து மாற்ற வேண்டும். பதிவு பெற்ற சங்கம் என்றால் நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளர் அலுவலகத்திலும் தெரிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பெயரளவில் விலகிவிட்டு ஒவ்வொரு காசோலைக்கும் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் ஒப்படைத்தவை ஒரு நீள நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப், பழைய பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகள், சிவப்புக் கயிறு கட்டிய மோட்டார் ரூம் சாவி. அந்தத் தம்பி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றிவிட்டார். நான் ஏழு வருஷமாக மாதக் கடைசி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதியது. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது, அவர் மேல் இல்லை.

ஏப்ரல் முடிந்ததும் சந்தேகம் கேட்டு வந்தவர்களிடம் "தம்பிகிட்ட கேளுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. பதில் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் இப்படி நடுவில் கொடுத்துவிட முடியாது. பலகாரச் சீட்டில் பெண்கள் மாதாமாதம் பணம் போட்டிருக்கிறார்கள், அதைப் பாதியில் கைமாற்றினால் சண்டைதான் வரும். அதைத் தீபாவளிவரை நடத்தி, நெய், முந்திரி, வெல்லம் எல்லாம் பிரித்துக் கொடுத்த அன்றே "அடுத்த வருஷம் நான் நடத்தலை" என்று சொல்லிவிட்டேன். கையில் பொருள் வாங்கிய சந்தோஷத்தில் இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தானாக முடிகிற வேலைகளை முடியவிடுங்கள். அடுத்த சுற்றைத் தொடங்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

ரயில் டிக்கெட் சமாசாரம் கொஞ்சம் வேறு. அதில் பதவி இல்லை, பழக்கம்தான். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. காலை 8 மணிக்குத் திறக்கும். தட்கல் என்றால் முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஆக, தீபாவளி, பொங்கல் சமயங்களில் என் காலை நேரம் எல்லாம் வேறொருவர் ஊருக்குப் போவதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே போனது. ஒரு சனிக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போய், அவர் போனிலேயே அவருக்கு ஒரு ஐஆர்சிடிசி கணக்குத் தொடங்கி, ஆதாரை இணைத்து, அடிக்கடி போகிறவர்களின் பெயர், வயதைச் சேமித்துவைத்து, ஒரு டிக்கெட்டை அவர் கையாலேயே போடவைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது அவர்தான் மற்ற பெரியவர்களுக்கும் போட்டுக் கொடுக்கிறார், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. நம்முடைய சுமை இன்னொருவருக்கு மரியாதையாகப் போய்ச் சேருவதும் உண்டு.

நான்காம் படி: மறுப்பதற்கான வாக்கியங்களைக் கையில் வைத்திருங்கள்

அந்த நேரத்தில் யோசித்தால் "பார்க்கலாம்" என்றுதான் வரும். அதனால் சில வாக்கியங்களை முன்கூட்டியே சொல்லிப் பழகினேன், குளியலறையில் நின்றுகொண்டு, சத்தமாகவே.

பெரியவர்களிடம்: "மாமா, ஒத்துக்கிட்டு பாதியில விட்டா உங்களுக்குத்தான் கஷ்டம். இப்பவே சொல்லிடறேன், என்னால முடியாது." பெரியவர்களிடம் மரியாதைக் குறைவாகத் தெரிவது மறுப்பு அல்ல, இழுத்தடித்துக் கடைசியில் கைவிரிப்பதுதான், இது எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்தது.

சம வயதுக்காரர்களிடம் இவ்வளவு வேண்டாம். "இந்தத் தடவை நான் இல்லப்பா" போதும்.

அடுப்பு முன்னால் நிற்கும்போது போன் வந்தால்: "அடுப்புல இருக்கேன், நாளைக்கு நானே கூப்பிடறேன்." சொன்னபடி மறுநாள் கண்டிப்பாகக் கூப்பிட்டு மறுத்துவிடுங்கள். கூப்பிடாமல் விட்டால் அதையும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: அலுவலகம்

அலுவலகத்தில் மொத்தமாக மறுக்க முடியாது, சம்பளம் வாங்குகிறோம். ஆனால் எந்த வேலைக்கும் ஒரு தாளகதி இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். கணக்கு வேலையில் அது தேதியாகவே இருக்கிறது: 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு), 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி சுருக்கக் கணக்கு). 20ஆம் தேதி தாண்டினால் மாதக் கடைசிவரை மூச்சு விடலாம். இத்தனை வருஷமாக இது தெரிந்தும், 21லிருந்து 28வரை உள்ள நாட்களை நான் அடுத்தவர் வேலைக்கு இரவல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கென்று எது வைப்பதாக இருந்தாலும், பல் டாக்டர் முதல் பயணம் வரை, 21க்கு மேல்தான் வைக்கிறேன். ஆசிரியர் என்றால் தேர்வுத்தாள் திருத்தும் வாரங்கள், கடை வைத்திருப்பவர் என்றால் சம்பள வாரம், பண்டிகை சீசன். ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஓர் ஏற்ற இறக்கம் கட்டாயம் இருக்கும்.

கூடுதல் வேலை வந்தால் நான் கேட்பது: "எடுத்துக்கறேன் சார், கையில இருக்கிற ரெண்டுல எது நிக்கட்டும்னு நீங்களே சொல்லிடுங்க." முதல் தடவை மேலாளர் முகம் சுளித்தார். மூன்றாம் தடவை அவரே வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

விடுப்பை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும் இடங்களில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு, அது போகத் தற்செயல் விடுப்பு 12, உடல்நலக் குறைவுக்கு 12 உண்டு. என் கணக்கில் கிடந்த நாட்களைப் பார்த்தபோது மனிதவளப் பிரிவுப் பெண்ணே "மேடம், இது சும்மாதான் போகப்போகுது" என்றாள்.

ஆறாம் படி: வீட்டுக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது

பெண்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகக்கூடாது. வெளி வேலை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சமான ஞாயிற்றுக்கிழமையை இட்லி மாவு அரைக்கவும் யூனிபார்ம் தேய்க்கவும் செலவழித்தால் என்ன பிரயோசனம்? மாமியாரைச் சர்க்கரை டாக்டரிடம் மாதாமாதம் கூட்டிப் போகிற வேலையை என் கணவரிடம் கொடுத்தேன். முதல் மாதம் பைலை மறந்துவிட்டுப் போனார். போன் வந்தது, பைல் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆட்டோ பிடித்து எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அவர் திரும்பி வந்து எடுத்துப் போனார், டோக்கன் போய்விட்டது, மறுபடி வரிசையில் நின்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து பைல் முந்தின நாள் இரவே வண்டிச் சாவியோடு சேர்ந்து இருக்கிறது.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழுவிலிருந்து விலகினால் இப்போது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்புப் போகும் (உறுப்பினர் பட்டியலைத் தோண்டிப் பார்ப்பவர்களுக்கு 60 நாள்வரை தெரியும், பரவாயில்லை). விலகச் சங்கடமாக இருந்தால் மியூட்டில் "எப்போதும்" என்று வைத்து ஆர்கைவில் தள்ளிவிடுங்கள். யார் நம்மைக் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பும் பிரைவசியில் இருக்கிறது, அதை மாற்றுங்கள்.

ஏழாம் படி: காலியான இடத்தில் உடனே ஏதாவது எழுதுங்கள்

காலண்டரில் வெறும் கட்டம் இருந்தால் அது இரண்டு வாரத்துக்குமேல் வெறுமையாக இருக்காது. யாராவது ஒருவருக்குக் கண் பட்டுவிடும். அதனால் ஒரு வேலையைத் திருப்பிக் கொடுத்த அன்றே, அது சாப்பிட்ட நாட்களில் உங்களுக்கு வேண்டியதை எழுதிவிடுங்கள், பேனாவால்.

பயணத்துக்கு நான் கண்டுபிடித்த வழி, மூன்று காலண்டர்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பது: அலுவலகத் தேதிகள், பள்ளி விடுமுறை, பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை, மொய் நோட்டுக்கு ஓய்வு. மார்கழியில் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், 20ஆம் தேதி தாண்டிவிட்டால் என் அலுவலகமும் அமைதி. மூன்றும் ஒன்றாக வருகிற வாரம் டிசம்பர் கடைசி வாரம். அதற்கு ரயில் டிக்கெட்டை அக்டோபர் கடைசியிலேயே போட்டுவிடுவோம். பணம் கட்டிய டிக்கெட்டைக் காட்டி மறுப்பது மாதிரிச் சுலபம் வேறு எதுவும் இல்லை. கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ சொந்த வண்டியில் போவதாக இருந்தால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அதையும் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆடியில் பள்ளி விடுமுறை இல்லை. ஆனால் குற்றாலத்தில் சீசன். மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயிலுக்கு முன்பதிவே வேண்டாம். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசியில் இறங்கினால் அங்கிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கிய என் கணவர் வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏறியதை என் மகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். தண்ணீர் அதிகமானால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், சில நாள் எல்லா அருவியிலும்தான். நாங்கள் போன முதல் நாள் அப்படித்தான் ஆனது. சாரலில் நின்று சூடாக பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து மூன்று பேரும் மதியம் முழுக்கத் தூங்கினோம். ஊர் சுற்றிப் பார்க்கிற அட்டவணை இருந்திருந்தால் அந்தத் தூக்கம் கிடைத்திருக்காது.

எட்டாம் படி: தலையில் எண்ணெய்

தனக்கென்று நேரம் ஒதுக்கு என்றால் நம்மில் பலருக்கு எதைச் செய்வது என்றே தெரியாது, ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் குற்ற உணர்ச்சி வந்துவிடும். எனக்கு வழி காட்டியது அம்மாவின் பழக்கம்தான். வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் என்பது பழைய முறை. எனக்கு அன்று அலுவலகம், அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டேன். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்து, உச்சியிலிருந்து தேய்த்து முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, சீயக்காய் போட்டு வெந்நீரில் அலசி, தலை காயும்வரை பால்கனியில் உட்கார்ந்திருப்பது. முழுக் காலைப்பொழுதும் போய்விடும். இதில் உள்ள விசேஷம் என்னவென்றால், யார் கூப்பிட்டாலும் "தலையில எண்ணெய் வச்சிருக்கேன்" என்றால் மறுபேச்சே வராது. எந்தச் செயலாளரும் அதற்கு மேல் வாதாட முடியாது. அன்று பகலில் தூங்கக்கூடாது என்பார்கள், அதனால் மகளோடு தாயம் ஆடுகிறோம்.

உங்களுக்கு எண்ணெய் ஒத்துவராமல் போகலாம். நடை, தோட்டம், சர்ச், வீணை வகுப்பு, எதுவாக இருந்தாலும் சரி. பாதியில் எழுந்து போக முடியாத ஒன்றாகப் பாருங்கள். தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனைகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள். நான் மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட கண் பரிசோதனைக்குப் போனபோது கண்ணாடியின் பவர் இரண்டு படி கூடியிருந்தது. எக்ஸெல்லைத் திட்டிக்கொண்டிருந்தது வீண்.

ஒன்பதாம் படி: பதவி வேண்டாம், மணி நேரம் கொடுங்கள்

திருப்பிக் கொடுத்தவை திரும்பி வரும், வேறு உருவத்தில். "பொருளாளர் வேண்டாம், ஆலோசகரா இருங்க" என்றார்கள். ஆலோசகர் என்றால் அதே வேலை, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருக்காது. அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். முடிகிற நேரம் தெரியாத எதற்கும் சம்மதிப்பதில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்ல முடிகிற வேலையை மட்டும், என்னால் முடிந்தால், எடுத்துக்கொள்வேன். சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்தின் கீழே கோலம் போட ஒரு மணி நேரம், சரி. விழாக் குழு உறுப்பினர், வேண்டாம். இப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு அக்கம்பக்கத்து வேலைகள் எனக்குப் பழையபடி பிடிக்கவும் தொடங்கின, இதை நான் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் ஊரிலிருந்து மாமா கூப்பிட்டார். கும்பாபிஷேகம் முடிந்து வருஷாபிஷேகம் வருகிறது, வசூல் நோட்டு ஒன்று என் பெயருக்கு எடுத்து வைத்திருக்கிறாராம். அடுப்பில் ஒன்றும் இல்லை, நல்லவேளை. "நோட்டு வேண்டாம் மாமா. அன்னதானத்துக்குக் காய் நறுக்க சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வர்றேன், பன்னெண்டு வரைக்கும் இருப்பேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"சரி, வரும்போது உங்க வீட்டு அருவாமனையையும் கொண்டாந்துரு" என்றார்.